டெல்டாவுக்கு மேலே பறக்க எந்த சிமுலேட்டர்? தரைக் காட்சியும் கம்ப்யூட்டர் வேகமும்

வீட்டு கம்ப்யூட்டரில் விமானம் ஓட்ட ஆசைப்படுகிற எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். கீழே தெரிகிற ஊர் நிஜ ஊர் மாதிரி இருக்க வேண்டும், படமும் திக்காமல் ஓட வேண்டும், இரண்டும் சேர்ந்து கிடைக்குமா? இதற்கு இணையத்தில் கொட்டிக் கிடக்கிற பதில்களில் பெரும்பாலானவை நியூயார்க்கின் உயரக் கட்டடங்களையும் ஆல்ப்ஸ் மலையையும் வைத்துச் சொன்னவை. நமக்கு அது பாதிதான் உதவும். திருச்சியில் ஏறி, கும்பகோணத்தைச் சுற்றி, நாகப்பட்டினம் கடற்கரை வரை போய்ப் பார்க்க வேண்டும் என்கிறவருக்குத் தேவை வேறு, ஏனென்றால் நம் தரை வேறு.

டெல்டாவில் மலை கிடையாது, நாற்பது மாடிக் கட்டடம் கிடையாது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன, அதற்குக் கிழக்கே குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று கிளை கிளையாகப் போய், கடைசியில் கடைமடை வாய்க்கால்களாகக் கடலோரத்தில் முடிகிறது. 2,000 அடி உயரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறவருக்கு இந்த ஆறுகள்தான் வழிகாட்டி. கூடவே ரயில் பாதை, தோப்பு, கோபுரம், உப்பளம், கடற்கரை. இதில் கோபுரத்தைத் தவிர எல்லாமே தரையில் படுத்துக் கிடப்பவை.

அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டெல்டாவைத் தாழப் பறந்து பார்க்க விரும்புகிறவர் நல்ல தரைப்படத்துக்கு, அதாவது நிலத்தின் மேல் விரிக்கிற செயற்கைக்கோள் படத்துக்கு, முதலில் செலவு செய்யட்டும், கட்டட நெருக்கத்தையும் மேகத் தரத்தையும் குறைத்துக்கொள்ளட்டும். தரைப்படம் கேட்பது எஸ்எஸ்டி இடம், ரேம், நெட். விலை கூடிய கிராபிக்ஸ் கார்டை அது அவ்வளவாகக் கேட்பதில்லை.

வேகத்தை எது தின்கிறது?

சிமுலேட்டரில் பிரேம், அதாவது நொடிக்கு வருகிற படங்களின் எண்ணிக்கை, குறைவதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஒன்று, பிராசஸரின் ஒற்றை முக்கிய வேலை வரிசை, அதாவது மெயின் த்ரெட், நிரம்பிப் போவது. கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் எத்தனை பொருள்களை நிறுத்தலாம், போக்குவரத்து எவ்வளவு, விமானத்தின் திரைக் கருவிகள் எத்தனை முறை புதுப்பிக்க வேண்டும், எல்லாம் அங்கேதான் வந்து குவியும். இன்னொன்று கிராபிக்ஸ் கார்டு நிரம்புவது: மேகம், நிழல், தண்ணீர்ப் பிரதிபலிப்பு, திரையின் ரெசல்யூஷன். எது நிரம்பியிருக்கிறது என்று தெரியாமல் புது கார்டு வாங்கிவிட்டு, பிரேம் அப்படியே நிற்கிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடைத் திறந்து எஃப்பிஎஸ் காட்டியைப் போட்டால், இப்போது தடுப்பது மெயின் த்ரெட்டா கார்டா என்று அதுவே எழுதிக் காட்டும். வாங்குவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

தரைப்படம் இந்த இரண்டிலும் அதிகம் சேராது. செயற்கைக்கோள் படத்தைத் தட்டையான நிலத்தின் மேல் விரிப்பது கார்டுக்குப் பெரிய வேலையே இல்லை, அந்தப் படம் வீடியோ மெமரியில் இடம் பிடிக்கும், அவ்வளவுதான். ஆயிரம் வீடுகளையும் பத்தாயிரம் தென்னைகளையும் முப்பரிமாணத்தில் நிறுத்துவதுதான் வேலை. ஆனால் வீடியோ மெமரி நிரம்பி வழிந்துவிட்டால் கதை மாறிவிடும், முப்பதில் ஓடுவது திடீரென்று பத்துக்குக் கீழே விழும், அல்லது தரை மங்கிப் போகும். 4 ஜிபி கார்டு வைத்திருப்பவர் டெக்ஸ்சர் தரத்தை நடுவில் வைத்துக்கொள்வதே நல்லது.

அப்புறம் பிரேம் எண்ணிக்கை. சண்டை விளையாட்டுகளுக்குச் சொல்கிற 60, 120 எல்லாம் இங்கே தேவையில்லை. ஒரு சின்ன செஸ்னா விமானம் நிமிடத்துக்கு மூன்று கிலோமீட்டர்தான் போகும், சீரான 30 போதும். 50-க்கும் 25-க்கும் நடுவில் ஊசலாடுகிற படத்தைவிட 30-இல் பூட்டி வைத்த படம் கண்ணுக்கு இதம், இறங்கும்போது கைக்கும் நம்பிக்கை. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, பிரேம் 20-க்குக் கீழே போனால் கணக்குத் தப்பாமலிருக்க அது நேரத்தையே மெதுவாக்கிவிடும். தஞ்சாவூர் வர இருபது நிமிடம் ஆகிறதே என்று பார்த்தால் கடிகாரமே பின்தங்கியிருக்கும்.

ஒப்பிட ஒரு வழித்தடம்

எதை முயன்றாலும் ஒரே வழி, ஒரே உயரம், ஒரே வானிலை என்று வைத்துக்கொண்டால்தான் ஒப்பீடு நிற்கும். நான் சொல்லும் வழி இது. திருச்சி விமான நிலையம், ஓடுபாதை 09, கிழக்கு நோக்கி ஏற்றம். நேராகவே போனால் போதும், சுமார் 46 கிலோமீட்டரில் தஞ்சைப் பெரிய கோயில் ஏறத்தாழ மூக்குக்கு நேரே வந்துவிடும், 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் கால் மணி நேரம். ஏறியதும் இடப்பக்கம் பார்த்தால் கல்லணை. தஞ்சைக்குப் பிறகு வடகிழக்கே திரும்பி கும்பகோணம், அங்கிருந்து தென்கிழக்கே நாகப்பட்டினம், கடற்கரையோடு தெற்கே வேதாரண்யம் உப்பளம், கோடியக்கரை, மேற்கே திரும்பினால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. முதல் முறை வெயில் நாளாக வைத்து ஓட்டுங்கள், இரண்டாம் முறை அடர்ந்த மேகத்தோடு. இரண்டுக்கும் நடுவில் பிரேம் எவ்வளவு விழுகிறதோ அது மேகத்தின் விலை.

இதில் மூன்று இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். முதலாவது கல்லணை. தரைப்படம் நன்றாக இருந்தால் ஆறு பிரிகிற கோலம் அப்படியே தெரியும், ஆனால் அணையும் மதகும் தரையோடு வரைந்த கோடாகத்தான் கிடக்கும். இரண்டாவது பெரிய கோயில். அதன் கருவறைக் கோபுரமான விமானம் 60 மீட்டருக்கு மேல் உயரம், 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்தது. யாராவது கையால் மாடல் செய்து வைக்காத சிமுலேட்டரில் இது தட்டைப் படமாகவோ, கூரை போட்ட சாதாரணக் கட்டடமாகவோதான் நிற்கும், ஏனென்றால் படத்தைப் பார்த்துக் கட்டடம் எழுப்புகிற மென்பொருளுக்குக் கோபுரம் என்றால் என்னவென்று தெரியாது, சுற்றளவைப் பார்த்து ஒரு பெட்டியை நிறுத்தும். மூன்றாவது வேதாரண்யம் உப்பளம், வெள்ளையும் சாம்பலுமாகப் பாத்தி பாத்தியாகத் தெரிகிறதா, ஒரே பழுப்பாக இருக்கிறதா என்பதில் தரைப்படத்தின் தரம் வெளிப்பட்டுவிடும்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்

2020 ஆகஸ்டில் வந்த பதிப்பும் 2024 நவம்பரில் வந்த பதிப்பும் ஒரே அடிப்படையில் வேலை செய்கின்றன: பிங் வரைபடத்தின் படங்கள் சர்வரில் இருக்கும், பறக்கிற இடத்துக்கு ஏற்ப நெட் வழியாக இறங்கும். அந்தத் தரவு 2 பெட்டாபைட்டுக்கும் மேல் என்பதால் அதை வீட்டில் வைத்துக்கொள்ள வழியே இல்லை. டெல்டாவுக்கு மேலே இதன் முதல் காட்சி யாரையும் அசத்தும். கூடுதலாக ஒன்றும் நிறுவாமல், தரைக்கென்று ஒரு கோப்பும் இறக்காமல், உங்கள் ஊர் ஏரி, உங்கள் தெரு, பள்ளிக்கூட மைதானம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். வரப்பு தெரியும். மேகமும் வெளிச்சமும் மற்ற எதிலும் இந்த அளவு வராது, ஐப்பசி மாதத்து மழை இருட்டில் நாகப்பட்டினத்தை நெருங்கிப் பாருங்கள்.

விலை என்னவென்றால் கம்ப்யூட்டரும் நெட்டும். 2020 பதிப்புக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம், பரிந்துரை 16, வட்டில் 150 ஜிபி, நெட் வேகம் குறைந்தது 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்), பரிந்துரை 20. 2024 பதிப்பு வட்டு இடத்தை 50 ஜிபிக்குக் குறைத்துவிட்டது, ஆனால் அந்தச் சுமையை நெட்டின் மேல் ஏற்றிவிட்டது: குறைந்தது 10 எம்பிபிஎஸ், பரிந்துரை 50, உச்சத் தரத்துக்கு 100. ரேம் குறைந்தபட்சமே 16, பரிந்துரை 32. தரை மட்டுமல்ல, விமானங்களின் பாகங்கள்கூட அதில் நெட்டிலிருந்துதான் வருகின்றன. நல்ல ஃபைபர் இருக்கிற தஞ்சாவூர், கும்பகோணம் வீடுகளுக்கு இது பிரச்சினை இல்லை. தினம் 2 ஜிபி தருகிற மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கிற கிராமத்து வீட்டுக்கு 2024 பதிப்பை நான் சொல்ல மாட்டேன், அந்த 2 ஜிபி ஒரு மாலைக்குள் காணாமல் போகும். 2020 பதிப்பில் ஒரு வசதி உண்டு, மேனுவல் கேச் என்று. திருச்சியிலிருந்து கோடியக்கரை வரை ஒரு பகுதியை வரைபடத்தில் தேர்ந்தெடுத்து முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரே வட்டாரத்தையே திரும்பத் திரும்பப் பறக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

அமைப்பில் முதலில் கை வைக்க வேண்டியது டெரெய்ன் எல்ஓடி. தொலைதூரத் தரை எவ்வளவு நுணுக்கமாக வர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது, சுமை மெயின் த்ரெட்டில் விழுகிறது. மலை நாட்டில் அதைக் குறைத்தால் தூரத்துச் சிகரம் கரைந்துபோகும். இங்கே தூரத்தில் இருப்பது வயலும் பனிமூட்டமும்தான், ஆகவே 100-க்கு மேல் ஏற்ற அவசியமில்லை, 70-லும் மோசமில்லை. மேகத்தை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினால் கார்டுக்கு மூச்சு வரும், கண்ணுக்கு வித்தியாசம் குறைவு. படத்தைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குகிற டிஎல்எஸ்எஸ் போட்டால் பிரேம் ஏறும், ஆனால் திரைக் கருவிகளில் உள்ள எழுத்து கொஞ்சம் கலங்கும், எழுத்தைப் படித்துப் பழக வேண்டும் என்று இருப்பவர் யோசித்துச் செய்யலாம்.

எக்ஸ்-பிளேன் 12

இதை எதுவும் சேர்க்காமல் அப்படியே நிறுவித் திருச்சியில் ஏறினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இருக்கிற தரை செயற்கைக்கோள் படமில்லை, நிலவகைக்கு ஏற்பப் பூசிய பொது வடிவம். சாலையும் ஆறும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து வருவதால் இடம் சரியாக இருக்கும், ஆனால் வயல் நம் வயல் மாதிரி இருக்காது, வீடுகள் அமெரிக்கப் புறநகர்த் தோரணையில் நிற்கும். பருவகாலம் மாறும் என்பதும் பெருமையாகச் சொல்லப்படுகிறது, அது இலையுதிர் காலமும் பனியும். குறுவை, சம்பா, தாளடி அதற்குத் தெரியாது.

ஆனால் இதில்தான் நம் கைக்கு வேலை இருக்கிறது. ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற இலவசக் கருவியால் செயற்கைக்கோள் படத்தை இறக்கி நாமே தரை செய்துகொள்ளலாம். எக்ஸ்-பிளேன் உலகத்தை ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி சதுரங்களாக வெட்டி வைத்திருக்கிறது. வடக்கு 10, கிழக்கு 78 சதுரத்தில் திருச்சி, ஸ்ரீரங்கம், கல்லணை. வடக்கு 10, கிழக்கு 79 சதுரத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், வேதாரண்யம், முத்துப்பேட்டை எல்லாம் அடங்கிவிடும். கும்பகோணம் அதன் வடக்கு விளிம்பை ஒட்டியே இருக்கிறது, அதற்கு வடக்கே மயிலாடுதுறை, கொள்ளிடத்தைத் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம், சிதம்பரம் வேண்டுமென்றால் வடக்கு 11, கிழக்கு 79 சதுரமும் சேர்க்க வேண்டும். ஆக, மூன்றே சதுரத்தில் நம் உலகம் முடிந்துவிடுகிறது, ஐரோப்பா முழுக்கச் செய்ய நினைக்கிறவருக்கு இருக்கிற வட்டுப் பிரச்சினை நமக்கு இல்லை.

எந்த நுணுக்கத்தில் செய்வது? ஜூம் 16 என்றால் ஒரு புள்ளி தரையில் சுமார் 2.3 மீட்டர், ஜூம் 17 அதில் பாதி, 18 அதிலும் பாதி. ஒவ்வொரு படி ஏறும்போதும் இடம் நான்கு மடங்காகும். கணக்குப் போட்டால் முழுச் சதுரத்துக்குப் படம் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை ஜிபி, ஆறு ஜிபி, இருபத்துமூன்று ஜிபி என்று போகும், கடல் விழுகிற பகுதி கழியும். 1,500 அடிக்கு மேல் பறக்கிறவருக்கு 16-உம் 17-உம் போதும், 17-இல் வரப்பு தெரிகிறது, அதற்கு மேல் எதற்கு? ஓடுபாதையைச் சுற்றி மட்டும் 18 வைக்கலாம், கருவியிலேயே அந்த வசதி இருக்கிறது.

ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். கொள்ளிடத்தை இந்தக் கருவி வரைபடத்தில் உள்ள ஆற்று எல்லையைப் பார்த்துத் தண்ணீராக மாற்றும். நிஜத்தில் வருடத்தில் பெரும்பகுதி அங்கே கிடப்பது மணல், நடுவில் ஒரு ஓடை. ஆகவே மேலிருந்து பார்த்தால் கரை தொட்டுப் புரளும் வெள்ளம் மாதிரி இருக்கும். தண்ணீருக்கும் படத்துக்கும் எந்த விகிதம் என்று ஒரு எண் அமைப்பில் இருக்கிறது, அதை மாற்றி மணல் மேலே தெரிகிற மாதிரி செய்துவிட்டுத்தான் சதுரத்தைக் கட்ட வேண்டும். கொள்ளிடத்து மணல் திட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இப்படிச் செய்த தரையில் குறையும் உண்டு. 500 அடிக்குக் கீழே இறங்கினால் தென்னந்தோப்பு பாயில் நெய்த பூ மாதிரி தரையோடு படிந்து கிடக்கும். மேலே மரமும் வீடும் நிறுத்த சிம்ஹெவன் எக்ஸ்-வேர்ல்டு போன்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது, அதைச் சேர்த்ததும் வேகம் குறையத் தொடங்கும். அப்போது வேர்ல்டு ஆப்ஜெக்ட்ஸ் ஸ்லைடரை நடுவில் வையுங்கள். நகரத்துக்கு மேலே தெரியும் இழப்பு வயலுக்கு மேலே தெரியாது. பறக்கும் உணர்வு என்று பார்த்தால் எனக்கு எக்ஸ்-பிளேன்தான் மேல். இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காற்று விசையைக் கணக்கிடுகிற முறை அது, குறுக்குக் காற்றில் இறங்கும்போது தெரியும். ஒரு தரம் கட்டிவிட்டால் நெட்டே வேண்டாம் என்பதும் டெல்டாவுக்குப் பெரிய விஷயம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம் பக்கம் எத்தனை நாள் கரண்டே இல்லை என்று இருந்தவர்களுக்குத் தெரியும், கேபிள் அறுந்தால் நெட் வர அதைவிட நாளாகும்.

சாதாரண லேப்டாப் இருந்தால்

“அண்ணே, காலேஜ்ல வாங்குன லேப்டாப்தான் இருக்கு, கிராபிக்ஸ் கார்டெல்லாம் இல்ல, ஓடுமா?” என்று கேட்கிற தம்பிகளுக்கு மேலே சொன்ன இரண்டும் வேண்டாம். ஜியோஎஃப்எஸ் பிரவுசரிலேயே ஓடும், பதிவிறக்கம் கிடையாது. இலவசத்தில் கிடைக்கிற சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், ஆகவே வரப்பு தெரியாது, ஆனால் ஆறுகளும் கடற்கரையும் துல்லியம். காவிரியைப் பிடித்துக்கொண்டு பூம்புகார் வரை போய்ச் சேரலாம். ஃபிளைட்கியர் முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், பழைய மெஷினிலும் ஓடும், பறக்கும் இடத்துத் தரையைத் தானே இறக்கிக்கொள்ளும். காட்சியில் டெல்டா வெறும் பச்சைப் பூச்சுதான். ஓட்டக் கற்றுக்கொள்ள ஃபிளைட்கியர், ஊரைப் பார்க்க ஜியோஎஃப்எஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பருவத்துப் படம்?

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, டெல்டாவில் இதுதான் முக்கியம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை நட்ட பிறகு எடுத்த படமும், சம்பா அறுத்துத் தாள் காய்ந்த பிறகு எடுத்த படமும், கோடையில் வெடித்துக் கிடக்கிற நிலத்தின் படமும் மூன்று வெவ்வேறு நாடுகள். செயற்கைக்கோள் படம் ஏதோ ஒரு நாளில் எடுத்தது, அப்படியே உறைந்து நிற்கும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் வேறு வேறு மாதத்தில் எடுத்தவையாக இருந்தால், ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கரும்பச்சை, அந்தப் பக்கம் செம்பழுப்பு என்று கத்தரித்த கோடு ஓடும். மைக்ரோசாஃப்டில் கொடுத்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆர்த்தோ4எக்ஸ்பியில் படத்தின் மூலத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம், ஒன்றில் மேகமோ கோடோ இருந்தால் இன்னொன்றை முயலலாம். பச்சை டெல்டா வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வாங்குகிற வரிசை

16 ஜிபி ரேம், 6 அல்லது 8 ஜிபி கார்டு இருக்கிற நடுத்தர மெஷினுக்கு என் சிபாரிசு: நல்ல ஃபைபர் இருந்தால் மைக்ரோசாஃப்ட் 2020, 1080பி திரை, 30-இல் பூட்டு. நெட் நிச்சயமில்லை, ஆனால் உட்கார்ந்து கட்டப் பொறுமை இருக்கிறது என்றால் எக்ஸ்-பிளேன் 12, மூன்று சதுரம், ஜூம் 17. வாங்கும் முன் அதன் இலவச டெமோவை உங்கள் மெஷினில் ஓட்டிப் பாருங்கள். 2024 பதிப்பு 32 ஜிபி ரேமும் 50 எம்பிபிஎஸ்ஸும் உறுதியாக இருப்பவருக்கு.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி, அடுத்து ரேம், அதற்கப்புறம்தான் கார்டு. கார்டுக்கு முன்னால் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்குவதுகூட நல்லது. பெரிய கார்டு போட்ட மெஷினை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் எத்தனை வாட் இழுக்கிறது என்று பார்த்துவிடுங்கள், தனி யுபிஎஸ் வைப்பதே நல்லது. கத்திரி வெயிலில் லேப்டாப் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், காலை ஏழு மணிக்கு 35 பிரேம் வந்த அதே வழித்தடம் மதியம் 22-க்கு வந்தால் அமைப்பைக் குடையாதீர்கள், முதலில் விசிறிக்கு அடியில் வையுங்கள்.

திருச்சியில் 2024 ஜூனில் புது முனையம் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது, அதற்கு முன் எடுத்த தரைப்படத்தில் அது கட்டுமான மண்ணாகத்தான் தெரியும். எக்ஸ்-பிளேனுக்கு வேர்ல்டு எடிட்டர் என்ற இலவசக் கருவி இருக்கிறது, அதில் விமான நிலையத்தைத் திருத்தி சீனரி கேட்வே என்ற அதன் பகிர்வுத் தளத்துக்கு அனுப்பினால், ஏற்றுக்கொண்டபின் அடுத்த அப்டேட்டில் எல்லாருக்கும் போகும். மாடலிங் தெரிந்த பிள்ளைகள் நம் பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்கள். பெரிய கோயில் விமானத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் செய்து இலவசமாகப் போடுங்கள், மாடலை வரைகிற பலகோணங்களை (பாலிகன்) குறைவாக வையுங்கள், 4 ஜிபி கார்டிலும் ஓட வேண்டும்.